பெரிய நாய், மாடி வீடு, உப்புக் காத்து: எந்தச் சாமான் வாங்கலாம், எது வீண்?

#1 தண்டையார்பேட்டை_மாடி

வணக்கம். ராஜபாளையமும் லேப்ரடாரும் கலந்த ஆண் நாய், 14 மாசம், 34 கிலோ. வீடு இரண்டாவது மாடி, மேலே 20க்கு 30 அடி மொட்டை மாடி உண்டு. காலையில 5 மணிக்கு 40 நிமிஷம், ராத்திரி 9 மணிக்கு மேல 30 நிமிஷம் நடை. அதுக்கப்புறமும் ஓயுறதில்ல. சோபா நுனி, செருப்பு, வாளிக் கைப்பிடி எல்லாம் போகுது. 6,000 ரூபாய் ஒதுக்கியிருக்கேன். பட்டியல்ல இருக்கிறது: தானா சுருளுற லீஷ் (நாயைப் பிடிச்சு நடக்கிற கயிறு), ஜெல் பாய், பந்து எறியுற மெஷின், ஜிபிஎஸ் காலர், மெதுவா சாப்பிட வைக்கிற தட்டு, முடி காயவைக்கிற ப்ளோயர். எதை முதல்ல வாங்கணும், எதை விட்டுடலாம்? இன்னொன்னு, இப்ப இருக்கிற லீஷ் கொக்கியோட ஸ்ப்ரிங் இறுகி, பாதி திறந்தே நிக்குது. மாத்தினா எந்த உலோகம் பார்த்து வாங்கறது?

#2 காசிமேடு_கப்பி

மத்ததை எல்லாம் அடுத்த மாசம் வாங்கலாம் ப்ரோ, கொக்கியை இன்னிக்கே மாத்துங்க. பாதி திறந்த கொக்கியோட கன்டெய்னர் லாரி போற ரோட்டுப் பக்கம் இறக்கவே கூடாது.

செல்லப்பிராணி கடையில பளபளன்னு தொங்குற கொக்கி பெரும்பாலும் துத்தநாகக் கலவையில வார்த்தது, மேல நிக்கல் பூச்சு. கடற்கரையில இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற வீட்டுல உப்புக் காத்து அந்தப் பூச்சுல சின்னப் புள்ளி புள்ளியா கொப்புளம் போடும். அப்புறம் உள்ளே இருக்கிற இரும்பு ஸ்ப்ரிங் துருப்பிடிச்சு சிக்கும். வார்ப்பு உலோகம் வளையாது. திடீர்னு இழுத்தா பிஸ்கட் மாதிரி உடையும், முன்கூட்டி எதுவும் காட்டாது.

காந்தம் வெச்சுப் பார்த்தா தெரியாது. துத்தநாகம், பித்தளை, நல்ல ஸ்டெயின்லெஸ் மூணுலயுமே காந்தம் சரியா ஒட்டாது. மறைவான இடத்துல அரத்தால ஒரு கீறல் போடுங்க. மஞ்சளா தெரிஞ்சா பித்தளை, மங்கின சாம்பல் நிறம்னா துத்தநாகம். ஸ்டெயின்லெஸ் வாங்கினா 316 ரகம்னு கேட்டு வாங்குங்க. 304 நம்ம காத்துல தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறும், ஆனா உடனே பலம் போயிடாது. மீன்பிடித் துறைமுகம் பக்கம் போட் சாமான் விக்கிற கடையில சுழல் வெச்ச 316 கொக்கி கேட்டுப் பாருங்க.

பலம் எவ்வளவு வேணும்னா: 34 கிலோ நாய் நொடிக்கு 6 மீட்டர் வேகத்துல ஓடி, கயிறோட நுனிக்கு வந்து, உங்க கையும் கயிறும் சேர்ந்து 30 செ.மீ. தூரத்துல நிறுத்துதுன்னு வெச்சுக்கங்க. அந்த நேரத்துல சராசரி இழுவையே 200 கிலோ கிட்ட. உச்சம் அதை விட மேல. அதனால உடையும் பலம் 500 கிலோவுக்குக் குறையாத கொக்கியா பாருங்க. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியில அலசி, ஸ்ப்ரிங்ல ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, நாய் நக்காத மாதிரி துடைச்சிடுங்க.

#3 தண்டையார்பேட்டை_மாடி

நன்றி அண்ணா. அப்ப சுருள் லீஷும் இதே கதைதானா?

#4 காசிமேடு_கப்பி

அதை பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. மெல்லிசு கயிறு மாடல்ல, கயிறு ஓடும்போது கையிலயோ கெண்டைக்கால்லயோ பட்டா தோலை உரிச்சிடும். பூட்டுற பல்லு பிளாஸ்டிக், முழு வேகத்துல வர்ற 34 கிலோவுக்கு அது தாங்காது. கைப்பிடி கை நழுவினா அந்த டப்பா தரையில தடதடன்னு நாயைத் துரத்தும். நாய் மிரண்டு ஓடும், நிக்கவே நிக்காது. அதோட மணல் ஒரு தடவை உள்ளே போச்சுன்னா சுருள் வேலை செய்யாது.

தெருவுக்கு 1.5 மீட்டர், 25 மி.மீ. அகல நைலான் பட்டை. தையல் பெட்டிக்குள்ள பெருக்கல் குறி போட்ட மாதிரி இருக்கணும். வெறும் ரெண்டு வரித் தையல்னா ஓரத்துல இருந்து பிரியும். காலி மைதானத்துக்கு 10 மீட்டர் நீளக் கயிறு. அதை ஹார்னஸ் (மார்பைச் சுத்தி மாட்டுற பட்டை) முதுகு வளையத்துல மட்டும் மாட்டணும், காலர்ல மாட்டினா 10 மீட்டர் ஓட்டத்தோட அடி முழுக்க கழுத்தெலும்புல விழும்.

#5 வேப்பேரி_மாலை

கப்பி சொன்னதோடு ஹார்னஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல கொக்கி போட்டாலும், நாய் ஹார்னஸை விட்டுப் பின்வாங்கி உருவிக்கொண்டால் பயனில்லை.

மார்பில் குறுக்காக ஒரு பட்டை ஓடும் வகை தோள்பட்டையை அடைக்கும். முன்னால் இருந்து பார்த்தால் ஆங்கில ஒய் எழுத்துபோல் மார்பெலும்பில் கூடும் வகையை எடுங்கள். அளவு எடுக்கும் இடங்கள் இரண்டு. கழுத்தின் அடிப்பகுதி, அதாவது தோளோடு சேரும் இடம். மார்புச் சுற்று, முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளி. பட்டை அக்குளுக்கு நெருங்கினால் வியர்க்காத நாய்க்கும் அங்கே ஈரம் நின்று தோல் புண்ணாகும், நம் ஊரில் அது இரண்டே நாளில் நடக்கும். பட்டைக்கடியில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். 14 மாத நாய்க்கு மார்பு இன்னும் விரியும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாட்டு வேட்டைநாய் இனங்களின் ரத்தம் இருந்தால் இன்னொரு சிக்கல். மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம், தலை கழுத்தைவிட அதிகம் பெரிதாக இருக்காது. சாதாரணக் காலர் காது வழியாக உருவி வந்துவிடும். ஹார்னஸில் விலாவுக்குப் பின்னால் மூன்றாவது பட்டை உள்ள வகையும், காலரில் மார்ட்டிங்கேல் என்கிற இரட்டை வளைய வகையும் இதற்காகவே இருக்கின்றன. நாய் இழுத்தால் சின்ன வளையம் பெரியதை இறுக்கும். ஆனால் முழுக்க இறுகியபோதும் இரண்டு உலோக வளையங்களும் தொடக்கூடாது, தொட்டால் காலர் பெரிது. ஆள் இல்லாத நேரத்தில் அதைக் கழற்றிவிடுங்கள். கிரில் கேட்டில் மாட்டினால் இறுகும், தானாகத் தளராது.

#6 எண்ணூர்_காத்து

ஜிபிஎஸ் காலர் பத்தி யாரும் பேசல. மாநகராட்சி இப்ப மைக்ரோசிப் போடுதே, அது போட்டுட்டா நாய் எங்க இருக்குன்னு தெரிஞ்சிடாதா? அப்புறம் எதுக்கு ஜிபிஎஸ்?

#7 வேப்பேரி_மாலை

எண்ணூர், இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மைக்ரோசிப்பில் பேட்டரியே கிடையாது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழல், தோளுக்கிடையே தோலுக்கடியில் போடுவது. 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் ரீடரைச் சில சென்டிமீட்டர் பக்கத்தில் காட்டினால் 15 இலக்க எண் ஒன்று வரும், அவ்வளவுதான். நாய் யாருடையது என்பதைச் சொல்லும், எங்கே இருக்கிறது என்று சொல்லாது. ஆனால் காலர் கழன்று தொலைந்தாலும் சிப் உடம்போடு இருக்கும், அதனால் கட்டாயம் போடுங்கள். சிப் எண்ணோடு உங்கள் செல்பேசி எண் பதிவாகியிருக்கிறதா, எண் மாறினால் திருத்தினீர்களா என்று பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் கையில் வைத்திருங்கள், நாய் வளர்ப்பு உரிமம் எடுக்க அது வேண்டும்.

ஜிபிஎஸ் காலர் வேறு. அதற்கு வானமும் தெரிய வேண்டும், சிம்மும் வேண்டும். மூன்று மாடி வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் குறுக்குச் சந்தில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி, அடுத்த தெருவைக் காட்டும். மாதச் சந்தா தனி. சாவிக்கொத்தில் மாட்டும் ப்ளூடூத் வில்லை ஜிபிஎஸ்ஸே இல்லை, பக்கத்தில் போகிறவர்களின் போனை நம்பி இருப்பது. அதற்குள் இருக்கும் நாணய பேட்டரியை நாய் கடித்து விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்துவிடும். கடிக்கிற வயசில் இருக்கும் நாய்க்கு அதை மாட்ட நான் சொல்ல மாட்டேன்.

#8 பெரம்பூர்_வயர்மேன்

ஜிபிஎஸ்ஸுக்கு முன்னாடி ஒரு பித்தளைத் தகடு. 5 செ.மீ.க்கு 2 செ.மீ., பாத்திரத்துல பேர் வெட்டுறவங்க கிட்ட போன் நம்பர் ரெண்டு வெட்டச் சொல்லுங்க. நாய் பேர் வேணாம், நம்பர் பெரிசா தெரியணும். தொங்குற வளையத்துல மாட்டினா தேஞ்சு விழுந்துடும், தட்டையா காலர் மேலயே ரெண்டு ரிவிட் அடிச்சிடுங்க. தெருவுல நாயைப் பிடிக்கிறவர் கையில ரீடர் இருக்காது, போன் இருக்கும்.

#9 வியாசர்பாடி_செல்வி

தம்பி, பட்டியலைப் பார்த்தா நாயோட காலுக்கு வேலை கொடுக்கிற சாமானா இருக்கு. 14 மாசத்து நாயை ஓடவிட்டே ஓயவைக்கணும்னா அது நாளுக்கு நாள் இன்னும் நல்லா ஓடப் பழகுமே தவிர படுக்காது. மூக்குக்கும் தாடைக்கும் வேலை கொடுங்க. செருப்பு கடிக்கிறதுக்கும் அதுதான் மருந்து.

மெதுவா சாப்பிட வைக்கிற தட்டு வாங்க வேணாம். வீட்டுல பழைய இரும்புப் பணியாரக்கல் இருக்கா? 7 குழி, 12 குழி எதுவானாலும் சரி. கனமா இருக்கிறதால நாய் மூக்கால தள்ளிக்கிட்டே போகாது. பிளாஸ்டிக் தட்டைப் பெரிய நாய் கவுத்துடும், அப்புறம் தட்டையே கடிக்கும். உலர் தீனியா இருந்தா குழிக்குக் கொஞ்சமா போடுங்க. சோறு, கோழி பிசைஞ்சு கொடுக்கிறவங்க குழியில அழுத்தி விடணும். நான்ஸ்டிக் கல் வேணாம், பூச்சு பேந்து வரும். தயிர் சேர்ந்த சாப்பாட்டை இரும்புல வெச்சா கறுத்துப் போகும், அதுக்கு ஸ்டீல் தட்டு. கழுவினதும் துடைச்சு எண்ணெய் தடவி வெச்சிடுங்க, ஈரம் நின்னா மறுநாள் துரு. ஆழமான மார்பு உள்ள நாய் அவசரமா விழுங்கினா காத்தும் உள்ளே போகும். வயிறு உப்பி முறுக்கிக்கிற ஆபத்து இந்த மாதிரி நாய்க்குத்தான் அதிகம். சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரமாவது ஓட்டம் வேணாம்.

அடுத்தது உள்ளே குழிவான ரப்பர் பொம்மை. ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கணும். ஒரே ஓட்டைன்னா நாய் நக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி நாக்கு சிக்கிக்கும். காங்ங்கிற பிராண்ட் மாதிரி பொம்மையில சிவப்பு சாதாரண ரப்பர், கறுப்பு கெட்டி ரப்பர். 34 கிலோவுக்குப் பெரிய அளவுல கறுப்பு. தாளிக்காத, உப்பில்லாத தயிர் சாதம், வேகவெச்ச பூசணி, கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய் கலந்து, சின்ன ஓட்டையை வெண்ணெயால அடைச்சு, நிக்கவெச்சு ஃப்ரீசர்ல 5 மணி நேரம். வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவுல சைலிட்டால்னு போட்டிருந்தா தொடாதீங்க, நாய்க்கு அது விஷம். வெங்காயம், பூண்டு, திராட்சை கூடாது.

மோப்பப் பாய் வீட்டுலயே செய்யலாம். ஓட்டை ஓட்டையா இருக்கிற ரப்பர் மிதியடி, 40க்கு 60 செ.மீ. பழைய காட்டன் லுங்கியை 3 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத் துண்டா வெட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் கோத்து முடிச்சுப் போடணும். ரெண்டு லுங்கி பத்தலன்னா மூணாவதையும் வெட்டுங்க. ஒரு வேளைத் தீனியில பாதியை அதுக்குள்ள தூவி விட்டா சல்லடை போட்டுத் தேடும். தேடி முடிச்சதும் பாயைத் தூக்கி வெச்சிடுங்க. துணிக் கீத்தை விழுங்கினா குடல் துணிப்பை நாடா மாதிரி சுருங்கி மடிஞ்சிடும், அறுவை சிகிச்சைதான்.

கடிக்கிற பொம்மை எதுவா இருந்தாலும் கட்டைவிரல் நகத்தால அழுத்துங்க. தடம் விழலன்னா அது பல்லை உடைக்கும். மாட்டுக் குளம்பு, காய்ஞ்ச எலும்பு எல்லாம் அந்த வகைதான்.

#10 எண்ணூர்_காத்து

பந்து எறியுற மெஷின் மட்டும் நல்லதுன்னு நினைக்கிறேன். ஆபீஸ் கால் பேசிக்கிட்டே நாயை விளையாட விடலாமே.

#11 காசிமேடு_கப்பி

அதுதான் பிரச்சினை எண்ணூர். மெஷின் நிறுத்தாது, நாயும் நிறுத்தாது. நம்ம ஊர் மாடித் தரையில 20 தடவை பிரேக் அடிச்சா உள்ளங்கால் தோல் உரியும், வெயில் நேரம்னா மூச்சு வாங்கிச் சாயும். சின்ன மெஷின்ல வர்ற பந்து 5 செ.மீ., அது நேரா இந்த நாயோட தொண்டைக்குப் போகும். தெருக் கிரிக்கெட் டென்னிஸ் பந்தே 6.5 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலதான், பெரிய நாய்க்கு அதுவும் சிக்கலாம். அதோட மேல இருக்கிற நார் மணலைப் பிடிச்சு உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். 34 கிலோவுக்கு 8 செ.மீ.க்குக் குறையாத ரப்பர் பந்து, நடுவுல கயிறு கோத்ததுன்னா இன்னும் நல்லது.

மாடியில விளையாட ஃப்ளர்ட் போல் செய்யுங்க, பெரிய தூண்டில்னு வெச்சுக்கங்க. வயரிங்குக்குப் போடுற தடிச்ச 25 மி.மீ. பிவிசி பைப் 1 மீட்டர். 8 மி.மீ. பாலியஸ்டர் கயிறு இரண்டரை மீட்டர். கயிறை பைப்புக்குள்ள முழுக்க ஓட்டி, கைப்பக்கம் ஒரு முடிச்சு, நுனிப்பக்கம் ஒரு முடிச்சு. நுனியில மட்டும் கட்டினா பைப் உடையும்போது கயிறும் நாயும் தனியாப் போயிடும். வெட்டின வாயை அரத்தால மழுக்கி டேப் சுத்துங்க. வெளியே தொங்குறது 1 மீட்டர் போதும், நுனியில பழைய துண்டு. உங்க மாடி 20 அடி அகலம்னா நடுவுல இருந்து சுவர் 3 மீட்டர்தான். கை, பைப், கயிறு எல்லாம் சேர்த்து இரண்டரை மீட்டருக்கு மேல போகக்கூடாது, போனா நாய் கைப்பிடிச் சுவரைத் தாண்டப் பார்க்கும். எலாஸ்டிக் கயிறு போடாதீங்க, விட்டதும் உங்க முகத்துக்குத் திரும்பும்.

#12 வேப்பேரி_மாலை

ஆட்டும் விதமும் முக்கியம். துண்டு தரையை விட்டு எழும்பக்கூடாது. 18 மாதம்வரை எலும்பின் வளர்ச்சித் தகடு முழுக்க மூடியிருக்காது, குதித்து இறங்குவது அதற்குச் சேதம். வட்டம் அகலமாக, திருப்பம் மெதுவாக. வெட்டித் திருப்பினால் பின்னங்கால் முழங்கால் தசைநார் அறுந்துபோகும். ஒன்றரை நிமிடம் துரத்தல், பிடிக்க விடுங்கள், "விடு" என்று சொல்லி வாங்குங்கள், ஒரு நிமிடம் நிறுத்தம். இப்படி நான்கு சுற்று போதும். பிடிக்கவே விடாமல் ஆட்டினால் நாய் வெறுப்பாகும், ஓயாது. மாடித் தரையில் புறங்கையை 7 நொடி வைக்க முடியவில்லை என்றால் அன்று விளையாட்டு கிடையாது.

#13 பெரம்பூர்_வயர்மேன்

ஜெல் பாய்க்கு வர்றேன். ஒரு கணக்கு. 34 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே ஏறக்குறைய 48 வாட் சூடு விடும். அதுல பாதி பாய்க்குள்ள இறங்குதுன்னு வைங்க. பாயில 4 கிலோ ஜெல், பெரும்பகுதி தண்ணி. 33 டிகிரியில இருந்து 37க்கு ஏற முக்கால் மணி நேரம் ஆகும். அப்புறம் அது சூடான பாய்தான், நாய் எழுந்து போனாத்தான் மறுபடி ஆறும். மே மாசம் நம்ம மாடி வீட்டுக்குள்ள ரூமே 35 டிகிரி, அப்ப ஆரம்பமே 35ல. ஒரு கடி கடிச்சா ஜெல் வெளியே. ஏசி ரூம்ல மட்டும் அது பிரயோஜனம்.

#14 வியாசர்பாடி_செல்வி

கோணிச்சாக்கை நனைச்சுப் போட்டுடலாமே வயர்மேன் அண்ணா?

#15 பெரம்பூர்_வயர்மேன்

போடலாம்மா, ஃபேன் நேரா அடிச்சா மட்டும். காத்து ஓடலன்னா நாய்க்கடியில ஈரச் சாக்கு ஒத்தடம் மாதிரி சூடேறும். மதியத்துக்கு மேல கடல்காத்து ஈரத்தோட வரும்போது ஆவியாகிறதும் குறையும். குளிர்விக்கிற சட்டைன்னு விக்கிறதுக்கும் இதே குறைதான். அதைவிட உயரக் கட்டில் செய்யுங்க. 1 அங்குல ஜிஐ பைப், 110க்கு 75 செ.மீ., கால் 18 செ.மீ., மேல நாடாவை நெருக்கமாப் பின்னணும். கால்ல ரப்பர் புஷ் போடலன்னா டைல்ஸ்ல நகரும். கீழே ஒரு மேசை ஃபேன் காத்து ஓடினா வயித்துப் பக்கம் ஆறும், முழங்கை காய்ப்பும் வராது.

ப்ளோயரைப் பட்டியல்ல இருந்து எடுங்க. 2,000 வாட் ப்ளோயர் 230 வோல்ட்ல 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்ல, அதுவும் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியா போட்டா பின் உருகும். ஈரத் தரை, ஈர நாய், பழைய வீட்டு எர்த்து எல்லாம் சேர்ந்தா உயிர் போற விஷயம். வாங்கித்தான் ஆகணும்னா 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மி.மீ. ஒயர், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிஞ்சா உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்), சூடு ஏத்தாத மாடல். உங்க நாய்க்குக் குட்டை முடி. ரெண்டு மைக்ரோஃபைபர் துண்டு, உள்முடி வாருற ரேக் சீப்பு ஒன்னு, அது போதும்.

#16 வேப்பேரி_மாலை

மிச்சமாகும் பணத்தில் இரண்டு பொருள் வாங்குங்கள். இரண்டுமே பட்டியலில் இல்லை.

முதலாவது டிஜிட்டல் தெர்மாமீட்டர், நாய்க்கென்று தனியாக. நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் 2 செ.மீ. சாதாரணமாக 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டி, நாய் தள்ளாடினால் வெப்பத் தாக்கு. உடனே குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து உடம்பு முழுக்க ஊற்றுங்கள், ஃபேன் போடுங்கள், 103 வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். ஆட்டோவில் ஏற்றியபிறகு குளிர்விக்கலாம் என்று இருக்கக்கூடாது. ஈரத் துண்டைப் போர்த்தி மூடவும் கூடாது, அது சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து போகும் வழியை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கூடை வகை மசில், அதாவது நாயின் வாயில் மாட்டும் கவசம். துணியில் குழல் மாதிரி தைத்தது வாயை மூடியே பிடிக்கும். நாய்க்கு உடம்பைக் குளிர்விக்க இருக்கிற முக்கிய வழியே வாய் திறந்து இளைப்பதுதான், அதைக் கட்டிவிட்டு சென்னையில் நடக்க வைப்பது ஆபத்து. கூடைக்கு அளவு: கண்ணுக்கு ஒரு விரல் கீழே இருந்து மூக்கு நுனிவரை நீளம், கூடவே 1 செ.மீ. அதே இடத்தில் மூக்குச் சுற்று, வாய் பாதி திறந்த நிலையில். மாட்டியபின் நாக்கை வெளியே தொங்கவிடவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். முதல் வாரம் மாட்டவே மாட்டாதீர்கள், கூடைக்குள் தீனி வைத்து நாய் தானாக மூக்கை விடப் பழக்குங்கள்.

#17 எண்ணூர்_காத்து

கடற்கரைக்குக் கூட்டிப் போறவங்க ஒன்னு கவனிங்க. திருவொற்றியூர் பக்கம் மணல்ல தூண்டில் முள் கிடக்கும். அது குத்தினா தூண்டில் நரம்பை இழுத்து எடுக்கப் பார்க்காதீங்க, முள்ளோட எதிர்ப்பல் கிழிக்கும். வாயில இருந்து நரம்பு தொங்குதுன்னா வெட்டவும் கூடாது இழுக்கவும் கூடாது, அப்படியே காலர்ல டேப் ஒட்டி மருத்துவர் கிட்ட போகணும். மழைக்காலத்துல தேங்கின தண்ணியில இறக்காதீங்க, எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும், நாய்க்கும் நமக்கும். கையில ஒரு பட்டன் குடை இருக்கட்டும், தெருநாய் கூட்டம் வந்தா முகத்துக்கு நேரா விரிச்சா பெரும்பாலும் நின்னுடும். வீட்டுல முன்னாடியே விரிச்சுக் காட்டிப் பழக்குங்க, இல்லன்னா நம்ம நாயே மிரளும்.

#18 தண்டையார்பேட்டை_மாடி

எல்லாருக்கும் நன்றி. பட்டியலை மாத்திட்டேன்: 316 கொக்கி, 1.5 மீட்டர் பட்டை லீஷ், மூணு பட்டை ஹார்னஸ், மார்ட்டிங்கேல், பித்தளைத் தகடு, கறுப்பு ரப்பர் பொம்மை, கூடை மசில், தெர்மாமீட்டர். பணியாரக்கல் அம்மா தரேன்னுட்டாங்க. இப்ப அளவு எடுத்தேன். கழுத்து, காதுக்குப் பின்னால 45 செ.மீ. தலை, காதையும் சேர்த்து அகலமான இடத்துல 48. மார்ட்டிங்கேல் எந்த அளவு போடறது?

#19 வேப்பேரி_மாலை

முழுக்கத் தளர்த்தினால் 49 அல்லது 50 வர வேண்டும், தலை நுழைவதற்கு. முழுக்க இறுகினால் 44 அல்லது 45இல் நிற்க வேண்டும், அந்த நிலையில் இரண்டு வளையங்களுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி பாருங்கள். 45க்கு மேல் நின்றால் உருவிவிடும், 43க்குக் கீழே போனால் குரல்வளையை அழுத்தும். பட்டை அகலம் 38 மி.மீ., சங்கிலி வளையம் வேண்டாம், முழுக்கத் துணிப் பட்டையாக வாங்குங்கள்.